ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்?

1946இல் அமெரிக்கக் கல்லூரிகள் இடமில்லாமல் திணறின. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தது. 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். பலர் கல்யாணமானவர்கள், சிலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். இருவருக்கு ஓர் அறை, தளத்துக்கு ஒரு குளியலறை, எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம் என்ற பழைய விடுதிக் கணக்கு இவர்களிடம் செல்லுபடியாகவில்லை. நடுராத்திரியில் பால் காய்ச்ச ஓர் அடுப்பு வேண்டும். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு கதவு வேண்டும்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி, தன் வளாகத்தின் மேற்குப் பக்கத்தில் 100 சிறு வீடுகளை எழுப்பி ‘வெஸ்ட்கேட்’ என்று பெயரிட்டது. அதையொட்டி, கடற்படையின் பழைய குடியிருப்புகளை மாற்றியமைத்து, இரண்டு தளங்கள் கொண்ட 17 கட்டடங்கள் உருவாயின. ஒவ்வொன்றிலும் கீழே ஐந்து வீடுகள், மேலே ஐந்து வீடுகள். இது ‘வெஸ்ட்கேட் வெஸ்ட்’. யாருக்கு எந்த வீடு என்பது காத்திருப்போர் பட்டியல் வரிசைப்படி முடிவானது. பிடித்த வீட்டையோ பிடித்த அண்டை வீட்டாரையோ தேர்ந்தெடுக்க யாருக்கும் வழியில்லை. இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே வருமானம். சமூக உளவியலாளர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வாய்க்காது.

லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவரும் அங்கே வீடு வீடாகப் போய், யார் யாரோடு அதிகம் பழகுகிறார்கள் என்று விசாரித்தார்கள். 1950இல் நூலாக வெளிவந்த முடிவுகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. வெஸ்ட்கேட் வெஸ்டில் ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்களில் 41 சதவீதத்தினர் நெருங்கிய நண்பர்களாகச் சொல்லப்பட்டனர். ஒரு வீடு தள்ளி இருந்தால் 22 சதவீதம். இரண்டு வீடு தள்ளி 16. தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்கள் என்றால் 10 சதவீதம்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம் 90 அடிகூட இல்லை. ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடலாம். ஆனால் அந்த நடைக்கு ஒரு காரணம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கக் காரணம் எதுவும் தேவையில்லை, கதவைத் திறந்தால் போதும்.

அடிக்கணக்கைவிட வியப்பானது மாடிப்படி செய்த வேலை. மேல்தளத்துக்குப் போகும் படிகள் கட்டடத்தின் ஓரங்களில் இருந்தன. படி தரையைத் தொடும் இடத்தில் இருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம். அதே கீழ்த்தளத்தில் நடுவில் இருந்தவர்களுக்கு மாடியில் அவ்வளவு பழக்கமில்லை. சிறு வீடுகள் இருந்த வெஸ்ட்கேட்டிலும் இதே கதைதான். அவை முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. கோடிவீடுகள் சிலவற்றின் வாசல் மட்டும் தெருவைப் பார்த்து இருந்தது, தெரு வரிசை அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு மற்றவர்களுக்கு இருந்ததில் பாதி நண்பர்கள்கூட இல்லை. வரைபடத்தில் ஒரு வாசலைத் திருப்பிப் போட்டவர், தன்னை அறியாமலே ஒரு குடும்பத்தின் நட்பு வட்டத்தைச் சுருக்கிவிட்டார்.

மாணவர் குடியிருப்பு கட்டும் எந்தக் கல்லூரியும் முதலில் கேட்பது, ஒரு மாணவருக்கு எத்தனை சதுர அடி என்பது. செலவுக் கணக்கு அங்கிருந்துதான் புறப்படுகிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்த எண் குடியிருப்பின் தன்மையைச் சொல்லாது. ஓர் அடுப்பை, ஒரு குளியலறையை, ஒரு வாசலை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்ற எண்தான் அங்கு வாழப்போகிறவர்களின் நாளை முடிவு செய்கிறது.

இதை அளந்து காட்டியவர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள். 1970களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீண்ட நடைவழி, இருபுறமும் இருவர் அறைகள்; தளத்தின் முப்பத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே குளியலறைத் தொகுதி, கோடியில் ஒரு பொதுக்கூடம். இன்னொன்றில் இரண்டு மூன்று படுக்கையறைகள் ஒரு கூடத்தையும் குளியலறையையும் சுற்றி அமைந்திருந்தன. நான்கு முதல் ஆறு பேருக்கு ஒரு வீடு மாதிரி. தலைக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தளத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனாலும் நடைவழி விடுதி மாணவர்கள்தான் கூட்டம் தாங்கவில்லை என்றார்கள். பார்க்க விரும்பாதவர்களை ஓயாமல் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குறைபட்டார்கள்.

ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. இரு விடுதி மாணவர்களையும் ஒவ்வொருவராக அழைத்து, வேறொரு சோதனைக்குக் காத்திருக்கும்படி ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே அறிமுகமில்லாத ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். நடைவழி விடுதியிலிருந்து வந்தவர்கள் அவரிடமிருந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். அவர் முகத்தையும் குறைவாகவே பார்த்தார்கள். விடுதியின் வரைபடம் விடுதிக்கு வெளியேயும் அவர்களோடு நடந்து வந்திருந்தது.

முப்பது பேரோடு பல் துலக்கும் இடத்தில் யாரோடு பேசுவது, யாரைத் தவிர்ப்பது என்பது நம் கையில் இல்லை. ஐந்து பேர் என்றால் ஒருவரின் அலாரம் எப்போது அடிக்கும், யார் பாத்திரம் கழுவாமல் போவார் என்பதெல்லாம் தெரியும்; அதற்கேற்ப வாழலாம், சண்டையும் போடலாம். பின்னர் 1980இல் பாமும் ஜி. டேவிஸும் வெளியிட்ட ஆய்வு, மருந்தையும் காட்டியது. ஏறத்தாழ நாற்பது பேர் இருந்த ஒரு நீண்ட தளத்தின் நடுவிலிருந்த சில படுக்கையறைகளைக் கூடமாக மாற்றி, தளத்தை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். சில படுக்கைகள் போயின. மீதியிருந்தவர்களின் நெருக்கடி உணர்வு குறைந்தது.

அப்படியானால் நான்கு பேருக்கு ஒரு சமையலறை என்று எல்லா இடத்திலும் கட்டிவிடலாமே? தடுப்பது குழாய்கள். ஒரு படுக்கையறைக்குச் சுவரும் விளக்கும் போதும். ஒரு சமையலறைக்குத் தண்ணீர் வர ஒரு குழாய், கழிவு போக ஒரு குழாய், புகையை இழுக்க ஒரு வழி, அடுப்புக்குத் தனி மின்சுற்று எல்லாம் வேண்டும். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்பதால் அதை நினைத்த பக்கம் திருப்ப முடியாது. ஆகவே வடிவமைப்பாளர்கள் இரண்டு வீடுகளின் சமையலறைகளையும் குளியலறைகளையும் முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் ஒரே குழாய்ப் பொந்து விட்டு, எல்லா மாடிகளிலும் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பாகத் தெரியும் ஒரே மாதிரியான ஜன்னல் வரிசைக்கு ஒரு காரணம் இந்தப் பொந்து.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி 2006இல் திறக்கப்பட்ட டீட்கன் விடுதி வேறு கணக்கைப் போட்டது. லுண்ட்கார்ட் – டிரான்பெர்க் நிறுவனம் வடிவமைத்த ஏழு மாடி வட்டக் கட்டடம் அது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஹக்கா மக்கள் கட்டிய வட்ட மண்கோட்டை வீடுகளே அதற்கு முன்மாதிரி. 360 அறைகள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குளியலறை. ஆனால் சமையலறை 12 பேருக்கு ஒன்று. படுக்கையறைகள் வெளிப்புறம் பார்த்தபடி அமைதியாக இருக்கும். சமையலறைகளும் கூடங்களும் பெட்டி பெட்டியாக உள்முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் குழுவின் அடுப்பில் ஆள் இருக்கிறது என்பது முற்றத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். தனிமையைக் குளியலறையில் கொடுத்து, கூட்டத்தை அடுப்படியில் வைத்தது நல்ல யோசனை. பன்னிரண்டு என்பது ஸ்டோனி புரூக்கின் ஆறைவிட இரண்டு மடங்கு என்றாலும், அங்கே கதவைச் சாத்தினால் முழுதாகத் தனியாக இருக்கலாம் என்பதால் அந்தக் கூட்டம் சுமையாவதில்லை.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. வாரன் பஃபெட்டின் கூட்டாளியாக இருந்த சார்லி மங்கர், கட்டடக்கலை படிக்காதவர். ஆனால் விடுதி வடிவமைப்பில் தீராத ஆர்வம் கொண்டவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் தன் வடிவமைப்பின்படி கட்டுவதானால் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். 11 மாடி, ஏறத்தாழ 4,500 மாணவர்கள். எட்டு தனியறைகள் சேர்ந்து ஒரு வீடு, எட்டு வீடுகள் சேர்ந்து ஒரு பெருவீடு. ஒவ்வொருவருக்கும் தனியறை என்பது அமெரிக்க வளாகங்களில் எளிதில் கிடைக்காத வசதி. விலை? அறைகளில் 94 சதவீதத்துக்கு ஜன்னலே கிடையாது. டிஸ்னி உல்லாசக் கப்பல்களில் உள்ளதுபோலச் செயற்கை ஜன்னல்கள் வரும். அறை சிறிதாக இருந்தால் மாணவர்கள் பொதுக்கூடத்துக்கு வந்து பழகுவார்கள் என்றார் மங்கர். 2021 அக்டோபரில், இந்த வடிவமைப்பை எதிர்த்து, பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவிலிருந்து கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபாடன் விலகினார். அவருடைய விலகல் கடிதம் வெளியானதும் நாடு முழுக்க வாதம் கிளம்பியது.

மங்கரின் பக்கம் நியாயமே இல்லை என்று ஒதுக்க முடியாது. அந்த ஆண்டு சான்டா பார்பராவில் இடம் கிடைக்காத மாணவர்களை ஓட்டல்களில் தங்கவைக்க வேண்டியிருந்தது. அவர் கொடையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2015இல் திறந்த, இதே பாணியிலான குடியிருப்பில் இன்றும் மாணவர்கள் வசிக்கிறார்கள். ஆனால் கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு உதவாத ஒரு வகை ஒளியுணர் செல்கள் உண்டு என்பது 2002 வாக்கில் உறுதியானது. காலை வெளிச்சத்தின் நீலப் பங்கை உணர்ந்து, மூளையின் உள்கடிகாரத்துக்கு விடிந்துவிட்டது என்று தகவல் அனுப்புவது அவற்றின் வேலை. மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டு விளக்குகள் தருவது சில நூறு. இருபது வயதில் தூக்கம் ஏற்கனவே பின்னால் தள்ளிப்போகும் உடலுக்கு, விடியலே தெரியாத அறையைக் கொடுப்பது சரியல்ல. அவசரத்துக்குத் தப்பிக்கும் வழி, காற்று இரண்டும் ஜன்னலின் வேலைகள்தாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மாணவர் குடியிருப்புக்கு இன்னொரு கெடுபிடி உண்டு: கல்வியாண்டு. சாதாரண அடுக்குமாடி நான்கு மாதம் தாமதமானால் வாடகை போகும். மாணவர் குடியிருப்பு ஆகஸ்டில் முடியாவிட்டால் செப்டம்பரில் நூற்றுக்கணக்கானோர் பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். ஆகவே வேகமாகக் கட்டும் முறைகளுக்கு இந்தக் கட்டடங்களே சோதனைக்களமாகின்றன. அதில் பெயர் பெற்றது கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் புரோக் காமன்ஸ் டால்வுட் ஹவுஸ். 18 மாடி, 53 மீட்டர் உயரம், 404 மாணவர்கள். தரைத்தளமும் லிஃப்டும் படிக்கட்டும் உள்ள இரண்டு கோபுரங்களும் கான்கிரீட். அதற்கு மேலுள்ள 17 மாடிகளும் மரம்.

மரம் என்றதும் உத்தரமும் சட்டமும் நினைவுக்கு வரும். இங்கே உத்தரமே இல்லை. தளம் என்பது குறுக்கடுக்குப் பலகை. பொறியாளர்கள் சிஎல்டி என்பார்கள். பலகைகளை ஓர் அடுக்கு நீளவாட்டிலும் அடுத்த அடுக்கு குறுக்குவாட்டிலும் வைத்து ஒட்டி, ஐந்து அடுக்காக 169 மில்லிமீட்டர் தடிமனில் செய்தது. மரம் நாரின் திசையில் வலுவானது, குறுக்கே பலவீனமானது; அடுக்குகளை மாற்றி வைப்பதால் இரு திசையிலும் சுமை தாங்குகிறது. அந்தப் பலகைகள் நேராகத் தூண்களின் தலையில் உட்காருகின்றன. தூண்கள் 4 மீட்டருக்கு 2.85 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஓர் அலுவலகத்தில் இவ்வளவு நெருக்கமாகத் தூண் வைத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். மாணவர் அறையோ அந்த அளவுதான். தூண் சுவருக்குள் மறைந்துவிடும். உத்தரம் இல்லாததால் குழாய்களும் கம்பிகளும் கூரையடியில் தடையின்றிப் போகும், மாடிக்கு மாடி 2.81 மீட்டர் உயரமே போதும்.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது, தூணும் தூணும் சேரும் இடம். தளப்பலகையைக் கீழ்த்தூணின்மேல் வைத்து, அதன்மேல் அடுத்த மாடித் தூணை நிறுத்தினால், மேலுள்ள அத்தனை மாடிகளின் பாரமும் பலகையை நாருக்குக் குறுக்கே நசுக்கும். 17 மாடிக்கு அது ஆகாது. ஆகவே ஒவ்வொரு தூணின் இரு முனைகளிலும் எஃகுத் தகடும் உருளைக் குழாயும் பொருத்தினார்கள். பலகையில் ஏற்கனவே வெட்டியிருக்கும் துளை வழியாக மேல்தூணின் குழாய் கீழ்த்தூணின் குழாயோடு செருகிக்கொள்ளும். பாரம் தூணிலிருந்து எஃகு வழியாக நேராக அடுத்த தூணுக்குப் போகும். பலகை தன் மாடியின் சுமையை மட்டும் தகட்டில் இறக்கி வைக்கும். நான்கு மரைத்தண்டுகளில் நட்டு முடுக்கினால் இணைப்பு முடிந்தது. அப்போதும் மரம் காய்ந்து, பாரத்தில் அமுங்கிச் சிறிது குட்டையாகும். பக்கத்தில் நிற்கும் கான்கிரீட் கோபுரம் அந்த அளவுக்குக் குறையாது. தளம் சரியாமல் இருக்கச் சில மாடிகளின் தூண்களில் மெல்லிய எஃகுத் தகடுகளை முன்கூட்டியே செருகி உயரத்தைக் கூட்டி வைத்தார்கள்.

ஒவ்வொரு திருகும் குழாய்த் துளையும் கணினி மாதிரியில் முதலில் இடம் பிடித்தன. தொழிற்சாலை அதன்படி வெட்டியது. இரண்டு மாடியை உண்மை அளவிலேயே கட்டிப் பார்த்துக் குறைகளைத் திருத்திக்கொண்டார்கள். அதன்பின் 464 பலகைகளும் 1,298 தூண்களும் லாரிகளில் வந்து, கிரேனில் ஏறின. வான்கூவர் மழைக்குப் பெயர்போன ஊர். நனைந்த மரம் தொல்லை. அதனால் 2016இன் கோடையைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சுவர்ப் பலகைகளையும் ஜன்னலோடு சேர்த்துச் செய்து பின்னாலேயே மாட்டிக்கொண்டு வந்தார்கள். மரக்கட்டமைப்பு முழுவதும் 70 நாட்களுக்குள் எழுந்து நின்றது. 2017 செப்டம்பரில் மாணவர்கள் குடியேறிவிட்டார்கள்.

தீ? தடித்த மரம் எரியும்போது மேல்பகுதி கரியாகி, உள்ளிருக்கும் மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கும். கரியாகும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர்தான். ஆனாலும் அப்போது அந்த மாகாணத்தில் மரக்கட்டடத்துக்கு அனுமதி ஆறு மாடிவரைதான். பல்கலைக்கழகம் இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் தனி விதிமுறை பெற வேண்டியிருந்தது. அதற்காகத் தூண்களையும் தளத்தின் அடிப்புறத்தையும் பல அடுக்கு ஜிப்சம் பலகையால் மூடினார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீயில் அந்த நீர் முழுவதும் ஆவியாகும்வரை பலகையின் மறுபக்கம் அதிகம் சூடேறாது. தண்ணீர் தெளிப்பான்களும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இதே ஜிப்சமும், தளத்தின்மேல் ஊற்றிய 40 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் இன்னொரு வேலையும் செய்கின்றன: லேசான மரத்தளம் மேல்வீட்டுக் காலடிச் சத்தத்தைக் கீழே விடும், எடை கூடினால்தான் அது அடங்கும். படிக்கிறவர்கள் இருக்கும் கட்டடத்தில் தீக்கு அடுத்து முக்கியம் அதுதான்.

கட்டமைப்புக்குப் போன மரம் 2,233 கன மீட்டர். அந்த மரங்கள் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கார்பன் டைஆக்சைடு 1,753 டன் என்று கணக்கிடப்பட்டது. கட்டடம் நிற்கும்வரை அந்தக் கார்பன் அதற்குள்ளேயே இருக்கும். மரம் கான்கிரீட்டைவிட லேசானது என்பதால் நிலநடுக்க ஆபத்துள்ள அந்தக் கரையில் கட்டடத்தின் மீது வரும் விசையும் குறைவு. வருவதைக் கான்கிரீட் கோபுரங்கள் தாங்கிக்கொள்கின்றன.

அந்த 404 பேர் எப்படி வாழ்கிறார்கள்? 272 பேருக்கு ஆளுக்கொரு சிறு வீடு: கட்டில், குளியலறை, சொந்த அடுப்பு. மீதி 132 பேர் நான்கு படுக்கையறை கொண்ட 33 வீடுகளில். எல்லா மாடிக்கும் ஒரே வரைபடம்; அந்த ஒற்றுமைதான் தொழிற்சாலையில் வெட்டி எழுபது நாளில் அடுக்குவதைச் சாத்தியமாக்கியது. சேர்ந்து உட்காரத் தரைத்தளத்திலும் 18ஆம் மாடியிலும் கூடங்கள் உண்டு. நடுவே பதினாறு மாடிகளில் சாத்திய கதவுகளின் வரிசை. ஆய்வு மாணவர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் தனிமையை விரும்பலாம், அவர்களுக்கு ஏற்ற கணக்குதான் இது. முதன்முதலாக வீட்டைவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதே வரைபடத்தைக் கொடுப்பதானால், நான்கு பேர் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக் கொடுப்பதே நல்லது. தூண் இடைவெளியை மாற்ற வேண்டியதில்லை. சில சுவர்களை எடுத்து, ஒரு குழாய்ப் பொந்தைச் சுற்றியுள்ள சமையலறைகளில் ஒன்றைப் பெரிதாக்கினால் போதும்.

ஒரே ஒரு மாணவர் குடியிருப்புக்காக எழுதப்பட்ட அந்தத் தனி விதி, பிறகு பொது விதியானது. பிரிட்டிஷ் கொலம்பியா முதலில் மரக்கட்டடங்களை 12 மாடிவரை அனுமதித்தது. 2024இல் குடியிருப்புகளுக்கும் அலுவலகங்களுக்கும் அதை 18 மாடியாக உயர்த்தி, மரத்தை முன்பைவிடக் கூடுதலாக வெளியே தெரியும்படி விடவும் இடம் கொடுத்தது.